ஷட்டரில் இரண்டு தட்டு

குழந்தை தவழ்ந்து போய்க் கதவு நிலையைப் பிடித்து எழுந்து நின்றது. பிறகு உள்ளங்கையால் நிலையில் இரண்டு முறை தட்டியது. விளையாட்டுதான். ஆனால் அந்தச் சத்தத்தில், வீட்டின் மூத்த மகன் பெரியவன் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்து, தேநீர் தரையெல்லாம் ஓடியது. அவன் குனிந்து பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, காதைச் சாய்த்து, எதற்கோ காத்திருப்பவனைப் போல நின்றான்.

மூத்த மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நனைத்துப் பிழிந்த துணி ஒன்று இப்போதெல்லாம் எந்நேரமும் அவள் தோளில் கிடக்கும். அதை எடுத்துக் கணவன் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். துணி சில்லென்று இருக்கிறது பாருங்கள், இது நம் வீடு, வேறெங்கும் இல்லை என்று காதோரம் சொன்னாள். அவன் மூச்சு இறங்கிய பிறகுதான் தரையைத் துடைக்க உட்கார்ந்தாள்.

உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. சுவரைப் பார்த்துப் பேசுகிற குரல். "புள்ள அப்பன் பழக்கத்தைப் பழகுது. அவன்தான் இல்ல, அவன் சத்தமாவது இந்த வீட்ல இருக்கட்டுமே. அதையும் இழுத்து மூடணுமா?"

மூத்தவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் யார் எதைத் தூக்கி எறிந்தாலும் கடைசியில் அது அவள் தலையில்தான் விழும். அவளும் தலையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தத் தட்டல் பழக்கம் வந்த இடம் கடைத்தெருவில் இருக்கும் சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகள் மலை மலையாக வந்து இறங்கும் இடம். உள்ளே துணி துவைக்கும் பெரிய டிரம்கள் சுற்றும்போது ஒருத்தர் வாயில் வருவது அடுத்தவர் காதில் ஏறாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கைதான் வாய். ஷட்டரை இறக்கும் சங்கிலி ஒரு தூணுக்குப் பின்னால் தொங்கும். அதைப் பிடித்திருக்கிறவனுக்கு வாசல் தெரியாது. கடைசியாக உள்ளே வருகிறவன் ஷட்டர் ஓரத்துத் தகட்டில் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் பொறு, ஆள் வருகிறது. இரண்டு தட்டு என்றால் எல்லாரும் உள்ளே வந்தாயிற்று, இறக்கு. தகடு அதிர்வது தூண் வழியாகவே உடம்புக்குத் தெரியும்.

சங்கிலி பெரியவன் வேலை. அழுக்கு மூட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடைசியாகத் தட்டுவது சின்னவன் வேலை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கூடத்தில். மூத்தவள் அங்கேயே இஸ்திரி போடும் சூட்டு உருளையில் விரிப்புகளைக் கொடுத்து வாங்குகிறவள். சின்னவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் நிலையில் இரண்டு தட்டு தட்டி, எல்லாரும் உள்ள வந்தாச்சு அண்ணி, பானையைத் திறங்க என்பான். தனி ஆளாக வந்து நின்றுகொண்டு எல்லாரும் என்று சொல்வதுதான் அவன் வேடிக்கை. அவன் மனைவி, வீட்டில் எல்லாருக்கும் இளையவள், வெட்கப்பட்டுக்கொண்டு அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

அப்படிப்பட்ட ஒரு சாதாரண நாளில்தான் கடைத்தெருவில் ஒருவன் கத்தியோடு இறங்கினான். ஏன், எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குள் தெரு ஒரு தெருவாகவே இல்லை. ஓடி வந்த சனமெல்லாம் சலவைக்கூடத்துக்குள் புகுந்தது. பெரியவன் சங்கிலியைப் பிடித்தபடி காத்திருந்தான். பிறகு இழுத்தான். ஷட்டர் இறங்கியது. உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். போலீஸ் வந்து தட்டித் திறக்கச் சொன்னபோது, வெளியே கவிழ்ந்த மூட்டை வண்டிக்குப் பக்கத்தில் சின்னவன் கிடந்தான்.

செய்தி கேட்டு மாமியார் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மகனைப் பார்த்தாள். ஷட்டரைப் பார்த்தாள். "இதை யாரு இழுத்தது? என் புள்ள வெளிய இருக்கும்போது எந்தக் கை இதை இழுத்தது?"

தூணுக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பெரியவன் கை அப்போதும் சங்கிலியை விடவில்லை. கண் நிலைகுத்தி, வாய் திறந்து, சத்தம் வராமல் நின்றான். மூத்தவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். தாயின் முகத்தையும் மகனின் முகத்தையும் ஒரு முறை மாறி மாறிப் பார்த்தாள். "நான்தான் அத்தை. எனக்குப் பயம் வந்துடுச்சு. நான்தான் இழுத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். தூண் மறைத்ததால் சங்கிலியை இழுத்த கையை வேறு யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு விழுந்த அடி கன்னத்தில் ஆறிவிட்டது. பெரியவனுக்கு அன்று நின்ற பேச்சு திரும்பவே இல்லை. உண்மையைச் சொல்ல வாய் இருந்தவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவனுக்கு வாய் இல்லை.

அன்று முதல் அவள் பரிமாறிய கிண்ணத்தை மாமியார் தொடுவதில்லை. இளையவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தையை மூத்தவள் தூக்கினால் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மூத்தவளுக்குப் பிள்ளையில்லை. அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து அவள் மடியில் வளர்ந்தது. அதுதான் மற்ற எல்லாவற்றையும் விட வலித்தது... ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். மகனின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டால், ஏற்கெனவே பாதி செத்துக் கிடக்கிறவன் மீதியும் போய்விடுவான் என்று அவளுக்குப் பட்டது.

பெரியவன் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். முழங்காலில் இரண்டு விரல் தட்டும். நிற்கும். தலையைச் சாய்த்துக் கேட்பான். மறுபடியும் தட்டுவான். பிறகு அவளைப் பார்ப்பான். அவன் என்ன கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தத் தட்டு நிஜமாகவே கேட்டதா, இல்லை டிரம் அதிர்ந்ததா? அவன் காது அவனை ஏமாற்றிவிட்டதா? அவள் உருளைப் பக்கம் நின்றிருந்தாள். ஆவிச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மாமியாரிடம் சொன்ன பொய் அவள் தலையோடு போகும். இந்தப் பொய்யை அவனிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

கடைத்தெருவை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு கூடத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த நாளைக் கண்ணால் பார்த்தவர்களும் ஆளைப் பறிகொடுத்தவர்களும் வந்து உட்காரலாம். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். கையில் பேனா இருக்காது. ஒரு பெரிய கெண்டி நிறையத் தேநீர் இருக்கும். பேச வேண்டும் என்று யாரையும் அவர் கேட்டதில்லை. பேசினால் குறுக்கே வந்ததில்லை. தெரு முழுக்க அவருக்குக் காதுக்காரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அழுவதற்கும் ஒரு சங்கமா, சந்தா எவ்வளவு என்று முதல் வாரம் கேலி பேசிய மீன்கடைக்காரர், அடுத்த வாரம் வந்து உட்கார்ந்து, தன் கத்தியைத் தானே தொட முடியவில்லை, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு மீனை முழுசாக விற்கிறேன் என்று சொல்லித் தேம்பினார். யாரும் சிரிக்கவில்லை.

தெரு தெருவாகப் போவதும் அந்த அம்மாளின் வேலைதான். பயந்து வீட்டோடு கிடந்தவர்களைப் பத்துப் பேராகச் சேர்த்து, பட்டப்பகலில் கடைத்தெரு நெடுக நடத்திக் கூட்டிப் போவார். ஈரத்துணியைக் கையில் கொடுக்கிற வித்தையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். மனசு அந்த நாளுக்கு ஓடினால், கை இந்த நாளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பார்.

மூத்தவள் வாரம் தவறாமல் கணவனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள். வீட்டில் அதற்கும் ஏச்சு. செய்ததைச் செய்துவிட்டு ஊருக்கு முன்னால் போய் நல்லவள் வேஷம் போடுகிறாள் என்று மாமியார் சொன்னாள். கூடத்தில் அவள் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் ஒன்று பொய் வரும், இல்லை உண்மை வரும். இரண்டும் வேண்டாம். உட்காரத்தான் வருகிறீர்கள், இறக்கி வைக்க வருவதில்லை என்று காதுக்காரம்மா ஒரு நாள் சொன்னபோது, இறக்கி வைத்தால் அது வேறொருத்தர் தலையில் உட்கார்ந்துவிடும் என்று மட்டும் சொன்னாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. போன வாரம் மட்டும், வீட்டில் எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து வர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. அது என் பேச்சு இல்லை, வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும் என்றார்.

தேநீர் கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான் இளையவள் பையோடு வந்து நின்றாள். குழந்தையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், இந்த வீட்டில் இனி ஒரு வாய்ச் சோறு இறங்காது என்றாள். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பிள்ளையும் போய், பேத்தியும் போனால் நான் எதைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன் என்றாள். பிறகு முதல் தடவையாக மூத்தவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"போக வேண்டியவ இவ இல்ல."

மூத்தவள் துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நான் போறேன் அத்தை. சலவைக்கூடத்துலயே தங்கி வேலை செய்யற பொம்பளைங்க இருக்காங்க. எனக்கும் ஒரு பாய் போட இடம் இருக்கும்" என்றாள். குரல் உடையவில்லை. உடைந்தால் கணவன் காதில் விழும்.

ஒன்றே ஒன்று கேட்டாள். தான் போன பிறகு அவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போக ஆள் வேண்டும். எந்தப் பக்கம் நடந்தால் அவருக்கு ஷட்டர்கள் கண்ணில் படாது, எந்த இடத்தில் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று இன்றைக்கு ஒரு தடவை உடன் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான் இந்தப் பக்கமே வர மாட்டேன் என்றாள்.

மகனுக்காகக் கேட்டதால் மாமியாரால் மறுக்க முடியவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, துணைக்கு ஆள் வேண்டும் என்று இளையவளும் குழந்தையோடு கிளம்பினாள். மூத்தவள் தன் நாலு துணிகளை ஒரு பையில் திணித்து எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து அப்படியே போய்விடலாம் என்று நினைப்பு.

கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. ஜன்னலோரம் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோதுதான் மூத்தவளுக்கு அடையாளம் தெரிந்தது. சலவைக்கூடத்து வாசலில் மெஷின் போட்டு, கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுகிற தையல்காரம்மா. ஒரு கால் சின்ன வயசிலேயே சூம்பிப் போனவள். அந்த நாளுக்குப் பிறகு தெருவில் காணவில்லை; மகளோடு வெளியூர் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

காதுக்காரம்மா எழுந்து, மாமியாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு தையல்காரம்மாவிடம், இப்போது வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். மடியில் இருந்த விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

"என் காலு உங்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். "எல்லாரும் ஓடினாங்க. என்னால எழுந்திருக்கவே முடியல. மெஷினைப் பிடிச்சுகிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தம்பி வண்டியை விட்டுட்டு ஓடுச்சு. ஷட்டர்கிட்ட போயிடுச்சு. ஒரு காலை உள்ள வச்சாச்சு. அப்ப திரும்பிப் பார்த்துச்சு. நான் கூப்பிட்டேனா, இல்ல சும்மா பார்த்தேனா... எனக்கே தெரியலம்மா. தினம் தினம் அதைத்தான் யோசிக்கிறேன். அந்த ஆளு ரொம்பக் கிட்ட வந்துட்டான். தம்பி உள்ள போகல. உள்ள வச்ச காலை வெளிய எடுத்துச்சு. கையை ஓங்கித் தகட்டுல ரெண்டு தட்டு தட்டுச்சு. ஷட்டர் இறங்க ஆரம்பிச்சுது. அது பாட்டுக்கு இறங்குது, இது பாட்டுக்கு என்கிட்ட ஓடி வருது. என்னைத் தரையோட தள்ளி, மூட்டை வண்டியை என் மேல கவுத்து விட்டுச்சு. துணிக்குள்ள கிடந்தேன். அதுக்கப்புறம் நான் எதையும் பார்க்கல... கேட்டேன்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பினேன், உயிரோடு இருக்கிற முகத்தை எப்படிக் காட்டுவது என்று ஓடிப்போனேன் என்று முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

அப்போது ஒரு குரல் கேட்டது. துருப்பிடித்த கீல் திறப்பதைப் போன்ற குரல். யார் என்று எல்லாரும் தேடினார்கள்.

"தட்டினானா?"

பெரியவன் எழுந்து நின்றிருந்தான். "அவன்... தட்டினானா? ரெண்டு?"

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் உள்ளங்கையால் நாற்காலிக் கையில் தட்டிக் காட்டினாள். இரண்டு. பெரியவன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான், அப்போதுதான் அவை தன் கைகள் என்று தெரிந்தவனைப் போல. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு, தம்பி தம்பி என்று அழுதான். அந்த நாளுக்குப் பிறகு அவன் அழுத முதல் அழுகை அது.

மாமியார் மகனின் கைகளையே பார்த்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. புரியப் புரிய முகம் வெளுத்தது. தட்டுக்குக் காத்திருந்தவன் யார்? தட்டியதும் இழுத்தவன் யார்?

"சங்கிலி உன் கையிலயா இருந்துச்சுப்பா?"

அவன் தலையை அசைத்தான். மாமியார் திரும்பி மூத்தவளைப் பார்த்தாள். அவள் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். "ஏண்டி... ஏண்டி என்கிட்ட அப்படிச் சொன்ன?"

மூத்தவள் நிமிரவில்லை. "உங்களுக்கு ஒரு புள்ளைதான் போயிருந்துச்சு அத்தை. ரெண்டையும் போக விட எனக்கு மனசு வரல."

மாமியார் கையிலிருந்த தேநீர் ஆடி ஆடி மடியெல்லாம் சிந்தியது. காதுக்காரம்மா டம்ளரை மட்டும் வாங்கி வைத்தார்.

இளையவள் யாரையும் பார்க்கவில்லை. குழந்தையை மீன்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக் குழாயடியில், தண்ணீரைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் நின்றாள். மூத்தவள் பின்னாலேயே போனாள்.

"ஒரு காலை உள்ள வச்சுட்டாராம் அக்கா" என்றாள் இளையவள். "உள்ள வச்ச காலை எடுத்திருக்காரு. நானும் பாப்பாவும் ஞாபகத்துக்கு வரலையா? அந்த அம்மா நல்லா இருக்கட்டும். ஆனா என்னை நினைக்கலையா அவரு?"

மூத்தவள் தோளிலிருந்த ஈரத்துணியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

இளையவள் அந்தத் துணியாலேயே அவள் தோளில் அடித்தாள். ஓங்கி ஓங்கி, பலமில்லாமல் அடித்தாள். "உன்னை எவ்வளவு திட்டினேன். குழந்தையைக் கூடத் தர மாட்டேன்னு பிடுங்கிட்டுப் போனேனே. திட்டறதுக்கு நீ இருந்தே, அதனால அழாம இருந்தேன். இப்ப நான் யாரைத் திட்டறது?"

"என்னையே திட்டு" என்றாள் மூத்தவள். "எனக்குப் பழகிப்போச்சு."

இளையவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து தொண்டையிலேயே உடைந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடம் அதிர அழுதாள். மூத்தவளும் அன்றைக்குத்தான் அழுதாள். அதுவரை அந்த வீட்டில் அழுவதற்கு அவளுக்கு உரிமை இல்லாமல் இருந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் வந்து மூடவில்லை.

திரும்பும்போது கடைத்தெரு வழியாகவே நடந்தார்கள். மாமியார் மகனின் ஒரு கையைப் பிடித்திருந்தாள். ஷட்டர்கள் வரும் இடத்தில், மருமகள் சொல்லிக் கொடுத்தபடி கையை இறுக்கினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை. சின்னவன் இல்லாத வீட்டுக்குத்தான் போகிறார்கள். ஆனால் இப்போது எல்லாரும் ஒரே சாவைச் சுமந்துகொண்டு போகிறார்கள்.

வாசலுக்கு வந்ததும் மூத்தவள் நின்றுவிட்டாள். பை கையில் இருந்தது. காலையில் போ என்று சொன்ன வீடு. வா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இளையவள் குழந்தையோடு உள்ளே போனாள். மகனை உள்ளே விட்டுவிட்டு மாமியார் திரும்பி வந்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் கிழவிக்கு ஆயுசில் இல்லை. மருமகளின் பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து, காலையில் குழந்தை தட்டிய அதே நிலையின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"உள்ள வந்து தட்டு" என்றாள். "நீ வந்துட்டேன்னு எனக்குக் கேட்கணும்."

மூத்தவள் இரண்டு காலையும் உள்ளே வைத்தாள். தட்டினாள். மெல்ல விழுந்த முதல் தட்டு சரியாகக் கேட்கவில்லை, இரண்டாவது கேட்டது. மீண்டும் ஒன்று தட்டினாள்.

பெரியவன் உள்ளேயிருந்து வந்தான். வெளியே தலையை நீட்டித் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. மனைவியைப் பார்த்தான், அவள் கால்களைப் பார்த்தான். வெகுநேரம் அப்படியே நின்றான், இன்னும் ஒருவன் வரவேண்டியிருப்பதைப் போல.

பிறகு கதவைச் சாத்தினான்.